நாலாவது ஜாடி

களக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார் மாசானம்,
ஏட்டு ஆறுமுகநயினார் மடியில்,
அட்டைப்பெட்டிக்குள், நாலு ஜாடியாக.
"ஊறுகாயா அண்ணாச்சி, நார்த்தங்காயா?" என்று
பக்கத்து சீட்டுப் பொம்பளை கேட்டாளாம்.
நாங்குநேரி தாண்டும்வரை
ஏட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அரக்கு முத்திரை சரி. சீட்டு சரி.
ஒன்றில் இரைப்பை, கூடவே ஒரு முழம் குடல்.
இரண்டில் ஈரல், இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி.
மூன்றில் ரத்தம்.
நாலில் ஒன்றுமில்லை,
முதலிரண்டையும் ஊறவைத்த உப்புத் தண்ணீர், வெறுமனே.

நாலாவது ஜாடியை எவரும் திறப்பதில்லை.
எனக்குப் பதினோரு வருஷ சர்வீஸ்.
"உப்புக் கரைசல்: நஞ்சு இல்லை" என்று
கை தானாக எழுதும்.
தூத்துக்குடி உப்பைச் சந்தேகப்பட
எனக்கென்ன வந்தது.

காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:
வயது நாற்பத்துமூன்று. வாழைத்தார் வியாபாரம்.
ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், விடிய வாயில் நுரை.
மனைவி முத்துச்செண்பகம், கொக்கிரகுளத்தில் ரிமாண்டு.
முந்தின நாள் சண்டை, தெருவே சாட்சி.
அதில் ஒரு சாட்சி சொன்னதை
எழுத்தர் அப்படியே எழுதியிருந்தார்:
"உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தானே ஆவணும்."

நஞ்சுக்குச் சாட்சி எப்போதும் பிந்தித்தான் வந்தது.
பாஷாணம் அறுபத்து நாலு என்று ஏட்டில் எண்ணினார்கள்.
எண்ணினவர் எவரும்
செத்தவன் வயிற்றைக் கேட்டதில்லை.
அரண்மனைப் பாலில் ருசியில்லாமல் கரைந்தது வெள்ளைப் பாஷாணம்,
சீமையில் ஒருவன் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி
அதன் கறுத்த முகத்தை அதற்கே காட்டும்வரை.
அதுவரைக்கும்
நுரை சாட்சி, நகத்து நீலம் சாட்சி,
நாய் தின்று செத்தால் நாய் சாட்சி,
எதுவும் இல்லையென்றால்
சோறு போட்டவள் முகம் சாட்சி.
தொண்டையோடு நஞ்சை நிறுத்தியவன் கோயிலில் இருக்கிறான்.
எங்கள் மேஜைக்கு அவன் வரவேண்டியிருக்கவில்லை.

தட்டில் துளித்துளியாக வைத்தேன்.
மழைக்காலச் சுவரில் ஈரம் ஏறுவதுபோல்
கரைப்பான் ஏறி நின்றது. சாயம் தெளித்தேன்.
இரைப்பை: ஊதாப் பொட்டு.
ஈரல்: ஊதாப் பொட்டு, அதே உயரத்தில்.
வாழைக்குப் போடும் குருணை மருந்து,
களக்காட்டில் எந்தக் கொட்டகையிலும் கிடக்கும்.
ரத்தம்: வெள்ளை.

மறுபடி வைத்தேன். வெள்ளை.
ரத்தத்திடம் சொல்லாமல் ஈரலுக்குப் போன நஞ்சு எது?
"மெஷின் கோளாறா இருக்கும் மேடம்" என்றான் மீரான்.
தட்டுக்கு ஏது மெஷின்.

நாலு மணிக்கு, காபி ஆறிக்கொண்டிருக்க,
நாலாவது ஜாடியின் அரக்கை உடைத்தேன்.
உப்புத் தண்ணீர், ஒரு துளி.
ஊதா.
மற்ற இரண்டையும்விட அடர்ந்த ஊதா.

பிணவறைக்கு வாங்கிய உப்பு
குருணை வந்த சாக்கில் வந்திருக்கிறது.
உதறிவிட்டுத்தான் கட்டினேன் என்றாராம் கடைக்காரர்.
இதயத்தை ஹைகிரவுண்டில் பார்த்தார்கள்: அடைப்பு.
கடைசிச் சோற்றில் மாசானம் தின்றது
உப்பு, புளி, அயிலைமீன்.
நஞ்சு அவருக்குள் போனது
செத்து ஒரு நாள் கழித்து,
அரசாங்கச் செலவில்.

என் அறிக்கை நாலு வரி.
நூற்றுப் பதினேழாம் நாள் அவள் வெளியே வந்தாள்.
வேறொரு வழக்கின் பெட்டியோடு வந்த ஏட்டு சொன்னார்:
"விட்டுட்டாவ மேடம். ஊர்லதான் இருக்கா.
ஆனா அவ வீட்ல இன்னும் ஒருத்தரும்
தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டேங்காவ."

பழைய பதிவேடுகள் கீழ் அலமாரியில்.
பதினோரு வருஷம், என் கையெழுத்து.
ஜாடிகளைத் தீர்ப்பு வந்ததும் அழித்துவிடுவோம்,
அதனால் இனிக் கேட்க ஆளில்லை.
சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து
"உப்புக் கரைசல்: நஞ்சு இல்லை" எத்தனை என்று
எண்ண ஆரம்பித்தேன்.
இருநூற்றுச் சொச்சத்தில்
கரண்ட் போய்விட்டது.